ஜேன் ஆஸ்டின் நாவல்களில் மரம் செடி எங்கே?

கேள்வி கேட்டவர் சொல்வதன் சாரம் இது: "ஜேன் ஆஸ்டின் எழுதியதில் இரண்டு நாவல்கள் படித்துவிட்டேன். ஹாலில் உட்கார்ந்து பேசுகிறார்கள், நடனம் ஆடுகிறார்கள், யாருக்கு எவ்வளவு வருமானம் என்று விசாரிக்கிறார்கள். மரமோ செடியோ கண்ணில் படவே இல்லை. ஆனால் அவருக்குத் தோட்டம் என்றால் உயிர் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆதாரம் இருக்கிறதா, பிற்கால ரசிகர்கள் கட்டிவிட்ட கதையா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாவலாசிரியரான ஆஸ்டினின் வாழ்க்கையில் தோட்டம் இருந்ததா என்பது ஒன்று. இருந்திருந்தால் அது நாவல்களில் ஏன் தெரியவில்லை என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நான் இலக்கியம் படித்தவன் அல்ல. தோட்டக்கலை படித்து, முப்பது வருஷம் மலைப்பகுதிப் பழமரங்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிளம், பீச், பேரி இவைதான் என் பிழைப்பு. ஆஸ்டினை என் மகள் கல்லூரிப் பாடத்துக்காக வாங்கிய பிரதியில்தான் முதலில் படித்தேன். அப்புறம் ஆறு நாவல்களையும் அவருடைய கடிதங்களையும் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ஆகவே செடி, மண், ஒட்டு, விலை பற்றி நான் சொல்வதை நம்பலாம். இலக்கியக் கோட்பாடு பற்றி ஏதாவது சொன்னால் அதை ஒரு வாசகனின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆதாரம். அவர் எழுதிய கடிதங்களில் சுமார் 160 இன்று மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதியவை. மற்றதில் பலவற்றை அந்த அக்காவே பிற்காலத்தில் எரித்துவிட்டார். மிஞ்சியவற்றில் 1800 நவம்பர் 8-ஆம் தேதி தொடங்கிய கடிதம் ஒன்று இருக்கிறது. அப்போது ஆஸ்டினுக்கு 24 வயது, ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில் அப்பாவின் பாதிரியார் வீட்டில் இருக்கிறார். மறுநாள் பெரும் சூறைக்காற்று. சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஏதோ முறிகிற சத்தம், சிறிது நேரத்தில் இன்னொரு சத்தம். ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தால், வீட்டார் பெருமையாக வைத்திருந்த இரண்டு எல்ம் மரங்களில் இரண்டாவது வண்டிப் பாதையில் சாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வாக்கியத்தின் முடிவில் ஆச்சரியக்குறிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார். அதற்கு மேல்தான் எனக்கு அந்தக் கடிதம் பிடித்துப்போனது. குளத்துப் பக்கம் நின்ற எல்ம் விழும்போது ஒரு ஸ்புரூஸ் மரத்தைச் சாய்த்தது, இன்னொன்றின் தலையை முறித்தது, ஓரத்தில் நின்ற இரண்டு செஸ்ட்நட் மரங்களின் கிளைகளைச் சீவிக்கொண்டு போனது, பக்கத்துப் புல்வெளிக்கு அழகு சேர்த்த மூன்று எல்ம்களும் போய்விட்டன, எல்லாவற்றையும் விட அதுதான் வருத்தம் என்று கணக்கு எழுதுகிறார். புயலுக்கு மறுநாள் நாங்கள் தோப்புக்குள் போய் எடுக்கிற சேதக் கணக்கு இப்படித்தான் இருக்கும். மரத்தை மரமாகத் தெரியாதவர் இப்படி எழுத மாட்டார்.

அடுத்த மாதமே அப்பா ஓய்வு பெறப்போவதாகவும் குடும்பம் பாத் நகரத்துக்குப் போவதாகவும் முடிவாயிற்று. செய்தியைக் கேட்டதும் ஜேன் மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. அது குடும்பத்தில் வாய்வழியாக வந்து, வெகுகாலம் கழித்து எழுத்தில் ஏறியது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1801-இல் கிராமத்தை விட்டுப் போனார்கள், பாத்தில் வாடகை வீடுகளில் இருந்தார்கள், 1805 ஜனவரியில் அப்பா இறந்தார். இவை உறுதியானவை. பிறகு அம்மா, இரு பெண்கள், ஒரு தோழி என்று சவுத்ஹாம்ப்டனில், பழைய நகரச் சுவரை ஒட்டித் தோட்டம் அமைந்த ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். 1807 பிப்ரவரியில் அங்கிருந்து எழுதிய கடிதத்தைப் படித்தால், மறுபடி மண் கிடைத்த சந்தோஷம் தெரியும். தோட்டக்காரர் ஒருவரை அமர்த்தியாயிற்று. சரளைப் பாதை ஓரம் இருப்பது காட்டு ரோஜாவும் மட்டமான ரோஜாவும்தான், நல்ல ரகம் வாங்க வேண்டும். மதிலுக்குக் கீழே சுத்தம் செய்து கரண்ட், கூஸ்பெரி என்ற பழப்புதர்களை வைக்கப் போகிறார்கள், ராஸ்பெரிக்கு ஓர் இடம் பார்த்தாயிற்று. அப்புறம் தன் சொந்த விருப்பமாகச் சிரிங்கா வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார், கூப்பரின் கவிதை வரிக்காகவாவது அது இல்லாமல் முடியாதாம். லபர்னமும் யோசனையில் இருக்கிறது. வில்லியம் கூப்பர் ஒரு கவிதையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார், லபர்னம் பொன்னாக வழிகிறது, சிரிங்கா தந்தம் போல் வெளுத்திருக்கிறது என்று. இங்கே தொழில்காரனாக ஒரு திருத்தம். இன்று சிரிங்கா என்றால் தாவரவியலில் லைலாக். அந்தக் காலத்து ஆங்கிலேயர் வீட்டில் சிரிங்கா என்று சொன்னது ஃபிலடெல்ஃபஸ் என்ற வேறொரு புதர், வெள்ளைப் பூ, ஆரஞ்சுப் பூ வாசனை. கடிதத்தைப் படித்துவிட்டு ஊதா நிற லைலாக்கைக் கற்பனை செய்தால் கூப்பரின் வரியே பொருந்தாது. லபர்னம் எப்படி இருக்கும் என்று கேட்டால், நம் சரக்கொன்றையைச் சின்னதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1809 ஜூலையில் சாட்டன் கிராமத்துக்கு வந்தார்கள். அண்ணன் எட்வர்ட், பிள்ளையில்லாத பணக்கார உறவினர்களுக்குச் சுவீகாரம் போனவர், அவர் தன் எஸ்டேட்டில் ஒரு வீட்டைக் கொடுத்தார். பழத்தோட்டம், காய்கறிப் பாத்தி, பூச்செடி வரப்பு எல்லாம் இருந்த வீடு. அம்மா எழுபதை நெருங்கிய வயதிலும் கூலியாட்கள் போடுவது போன்ற பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு தானே உருளைக்கிழங்கு தோண்டுவார் என்று குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். 1811 மே மாதக் கடிதங்களில் தோட்டச் செய்திகள் வரிசையாக வருகின்றன. கொலம்பைன் பூத்துவிட்டது, பிங்க்ஸும் ஸ்வீட் வில்லியமும் சீக்கிரம் பூக்கும், சிரிங்கா மலரத் தொடங்கிவிட்டது, ஆர்லியன்ஸ் பிளம் நிறையக் காய்க்கும் போலிருக்கிறது, கிரீன்கேஜ் அவ்வளவு இல்லை. ஊருக்குப் போயிருக்கும் அக்காவுக்கு எழுதிய ஒரு வரி: உன் மல்பெரி மரங்கள் செத்துவிட்டன என்று சொல்ல மாட்டேன், ஆனால் உயிரோடு இல்லையோ என்று பயமாக இருக்கிறது. ஆசையாக வைத்த கன்று பட்டுப்போனதை அதை வைத்தவரிடம் சொல்ல நேர்ந்த யாருக்கும் இந்த வரி புரியும். நானும் சொல்லியிருக்கிறேன், இவ்வளவு அழகாக இல்லை.

இப்போது உறுதியையும் ஊகத்தையும் பிரிக்க வேண்டிய இடம். ஸ்டீவன்டனில் மூன்று நாவல்களுக்கு முதல் வடிவம் எழுதினார். நகரத்தில் இருந்தபோது தொடங்கிய ஒரு நாவலைப் பாதியில் விட்டார். சாட்டனுக்கு வந்த பிறகு 1811-இலிருந்து 1815-க்குள் நான்கு நாவல்கள் அச்சில் வந்தன, இன்னும் இரண்டு அவர் 1817 ஜூலையில் இறந்த பிறகு அதே வருஷக் கடைசியில் வந்தன. இதை வைத்துத் "தோட்டம் போனது, எழுத்து போனது, தோட்டம் வந்தது, எழுத்து வந்தது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பாவின் மரணம் இருக்கிறது, பணமுடை இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிற அலைச்சல் இருக்கிறது. சாட்டனில் கிடைத்தது தோட்டம் மட்டும் இல்லை, நிலையான ஒரு கூரையும் கிடைத்தது. எது எவ்வளவு உதவியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தத் தோட்டங்களில் ஒன்றுகூட அவருக்குச் சொந்தம் இல்லை. ஸ்டீவன்டன் வீடு திருச்சபையுடையது, அப்பா பதவியில் இருக்கும் வரைதான். சவுத்ஹாம்ப்டன் வீடு ஒரு பிரபுவுடையது. சாட்டன் வீடு அண்ணன் தயவு. நட்டு, தண்ணீர் ஊற்றி, பூத்ததைப் பார்த்து, ஒருநாள் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியவர்களின் வாழ்க்கை அது. இதை மனதில் வைத்துக்கொண்டு நாவல்களைத் திறந்தால், அதுவரை கண்ணில் படாத மரங்கள் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும். அவர் தோட்டத்தை வர்ணிப்பதில்லை. யார் நட்டது, யார் வெட்டியது, யார் பழத்தைச் சாப்பிடுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி'யில் அப்பா இறந்ததும் சொத்து முழுவதும் முதல் தாரத்து மகன் ஜானுக்குப் போகிறது. சித்தியும் மூன்று பெண்களும் நார்லண்ட் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். அங்கே இருக்கும் கடைசி மாலையில், பெண்களில் ஒருத்தியான மரியான் மரங்களிடம் விடைபெறுகிறாள்: நாங்கள் போய்விட்டோம் என்று உங்களில் ஓர் இலைகூட உதிராது, நீங்கள் அப்படியே இருப்பீர்கள் என்று. இது 5-ஆம் அத்தியாயம். 33-ஆம் அத்தியாயத்தில் லண்டனில் ஜான் தன் தங்கை எலினாரைச் சந்தித்துத் தன் செலவுகளைப் பற்றிப் புலம்பும்போது, மனைவிக்காகக் கண்ணாடிச் செடிவீடு கட்டப் போவதாகவும் அதற்காக வீட்டுக்குப் பின்னால் மேட்டில் இருந்த பழைய வால்நட் மரங்களையெல்லாம் வெட்டியாயிற்று என்றும் சொல்கிறான். எலினார் வாயைத் திறக்கவில்லை. மரியான் அங்கே இல்லாதது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். நடுவில் 28 அத்தியாயங்கள், ஆசிரியர் ஒரு வார்த்தையால்கூட இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. வால்நட் நன்றாகக் காய்க்கவே பல வருஷம் ஆகும். தாத்தா நட்டதைப் பேரன் பறிக்கிற மரம் அது. அதை ஒரு வாக்கியத்தில் வெட்டி எறிகிறவன் எப்படிப்பட்ட அண்ணன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையே இல்லை.

நான் மிகவும் ரசித்தது 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' 6-ஆம் அத்தியாயத்து ஏப்ரிகாட். நாரிஸ் அம்மாள், பாதிரியாரின் விதவை. கணவர் இறந்ததும் பாதிரியார் வீட்டைக் காலி செய்தாயிற்று, இப்போது அங்கே புதிய பாதிரியார் டாக்டர் கிராண்ட் இருக்கிறார். விருந்தில் பேச்சு வருகிறது. லாயத்துச் சுவர் ஓரம் நாங்கள் வைத்த ஏப்ரிகாட் இப்போது எவ்வளவு அருமையாக வந்திருக்கிறது என்கிறார் அந்த அம்மாள். மரம் நன்றாக இருக்கிறது, பழம்தான் பறிக்கிற சிரமத்துக்குக்கூடத் தகுதியில்லை என்கிறார் டாக்டர். அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அது மூர் பார்க் ரகம், மூர் பார்க் என்றுதான் வாங்கினோம், எங்களுக்கு அதன் விலை..." என்று ஆரம்பித்து, அதாவது சர் தாமஸ் பரிசாகக் கொடுத்தது, ஆனால் பில்லை நான் பார்த்தேன், ஏழு ஷில்லிங் என்று முடிக்கிறார். பாருங்கள், வாக்கியத்தின் தொடக்கத்தில் தன் காசு, நடுவில் மைத்துனர் காசு. அந்தப் பெண்மணியின் குணம் முழுக்க அதில் இருக்கிறது. உங்களை ஏமாற்றிவிட்டார்கள், இந்த உருளைக்கிழங்கில் எவ்வளவு மூர் பார்க் ருசி இருக்கிறதோ அவ்வளவுதான் அந்தப் பழத்திலும் என்கிறார் டாக்டர். கடைசியில் டாக்டரின் மனைவி மேசைக்கு எதிர்ப்பக்கம் குனிந்து ரகசியமாகச் சொல்கிறார்: இவர் அந்தப் பழத்தைச் சாப்பிட்டதே அபூர்வம், முன்கூட்டியே பறித்து டார்ட்டுக்கும் ஜாமுக்கும் சமையல்காரியே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறாள்.

இந்த அரைப்பக்கத்தை நான் பயிற்சி வகுப்புகளில் படித்துக் காட்டியிருக்கிறேன். ஏப்ரிகாட்டைக் குளிர்நாட்டில் சுவரோடு சேர்த்துப் படரவிடுவது வழக்கம், பகலில் வாங்கிய சூட்டைச் செங்கல் இரவில் திருப்பிக் கொடுக்கும், முன்பருவத்தில் வரும் பூ உறைபனிக்குத் தப்பும். லாயத்துச் சுவர் அதற்கு நல்ல தேர்வு, நாரிஸ் அம்மாள் அதில் தப்பு செய்யவில்லை. மூர் பார்க் நிஜமான, அன்று பெயர் பெற்ற ரகம், ஒட்டுக்கன்றாகத்தான் வரும். ஒட்டு உண்மையா என்பது காய்த்த பிறகுதான் தெரியும். நாங்களே ஒரு தடவை ஓர் இடத்தில் வாங்கிய பிளம் கன்றுகள் நான்காம் வருஷம் காய்த்தபோதுதான் வேறு ரகம் என்று கண்டுபிடித்தோம். அதனால் டாக்டரின் சந்தேகத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஏப்ரிகாட் மரத்திலேயே பழுத்தால்தான் ருசி. டார்ட்டுக்காக முன்னதாகப் பறித்ததை வைத்து ரகத்தைப் பழிப்பது தப்பு. ஆக, ரகம் சரியா என்று யாருக்குமே தெரியாது, இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், நட்டவருக்குப் பழம் இல்லை, "என் தோட்டம்" என்று சொல்கிறவருக்கும் இல்லை. தோட்டக்கலை தெரியாத எழுத்தாளர் இந்தக் காட்சியை இவ்வளவு துல்லியமாக அமைத்திருக்க முடியாது.

அதே அத்தியாயத்தில் ரஷ்வர்த் என்ற பணக்கார இளைஞன், தன் 700 ஏக்கர் சாதர்ட்டன் எஸ்டேட்டைச் சீர்திருத்த ரெப்டனைக் கூப்பிடப் போவதாகச் சொல்கிறான். ஹம்ஃப்ரி ரெப்டன் நிஜ மனிதர், அக்காலத்தின் புகழ்பெற்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர். நாளுக்கு ஐந்து கினி கூலி என்று நாவலிலேயே வருகிறது. ஒரு கினி 21 ஷில்லிங். ஐந்து கினிக்கு 105 ஷில்லிங், நாரிஸ் அம்மாளின் ஏப்ரிகாட் கன்று பதினைந்து வாங்கலாம். ரெப்டன் வந்தால் பழைய மரச்சாலையை வெட்டுவார் என்றதும், யாரும் கண்டுகொள்ளாத ஏழைப் பெண் ஃபானி, பக்கத்தில் இருக்கும் எட்மண்டிடம் மட்டும் மெதுவாகக் கூப்பரின் வரியைச் சொல்கிறாள், வெட்டுண்ட மரச்சாலைகளுக்காக இரங்கும் வரி. ஆஸ்டினின் அம்மா வழி உறவினர் தாமஸ் லீ, ஏடல்ஸ்ட்ராப்பில் ரெப்டனை வைத்து வேலை வாங்கியவர் என்பதும், 1806-இல் ஆஸ்டின் அங்கே போனார் என்பதும் உறுதி. சாதர்ட்டன் இன்ன மாளிகையின் நகல் என்று சொல்வதெல்லாம் ஊகம். பின்னால் சாதர்ட்டனில் பூட்டிய இரும்புக் கதவும், ஹா-ஹா எனப்படும் பள்ளவேலியும் வருகிற காட்சியில், நிச்சயிக்கப்பட்ட பெண் சாவிக்குக் காத்திருக்காமல் வேறொருவனோடு கதவோரம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடுகிறாள். நாவலின் பிற்பகுதியில் அவள் வாழ்க்கையில் நடக்கப் போவதெல்லாம் அந்தத் தோட்டத்திலேயே ஒத்திகை ஆகிவிடுகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'நார்தாங்கர் ஆபி'யில் ஜெனரல் டில்னி, போன வருஷம் நூறு அன்னாசிதான் விளைந்தது என்று குறைபடுகிறார். அங்கே அன்னாசி கண்ணாடிக் கூரைக்கடியில், தோல் பதனிடும் பட்டைக் கழிவு புளித்துத் தரும் சூட்டில் வளர்க்க வேண்டியது, ஒரு பழத்துக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். அந்த நூறில் எவ்வளவு பணமும் வேலையாட்களும் என்று கணக்குப் போட்டால் ஜெனரலின் ஆணவம் புரியும். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'ஸில் ஷார்லட் தன் கணவர் காலின்ஸைத் தோட்டவேலைக்கு ஊக்கப்படுத்துகிறாள், உடம்புக்கு நல்லதாம். அவர் வெளியில் இருக்கும் நேரம் அவளுக்கு நிம்மதி. அதே நாவலில் வரும் பெம்பர்லி மாளிகை, நிஜத்தில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகையின் நகல் என்று சினிமா பார்த்தவர்கள் நம்புகிறார்கள். நாவலில் சாட்ஸ்வொர்த் தனியாகப் பெயர் சொல்லி வருகிறது, ஆகவே அதை நம்ப நான் தயாரில்லை.

அவர் தவறே செய்யாதவர் என்றும் சொல்ல மாட்டேன். 'எம்மா'வில் டான்வெல் எஸ்டேட்டில் ஸ்ட்ராபெரி பறிக்கப் போகிறார்கள். எல்டன் அம்மாள் கூடையோடு முன்னால் போய், ஹாட்பாய் உசத்தி, இல்லை சில்லி, வெள்ளைக் காட்டு ரகம்தான் ருசி, பாத்தியை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசி, கடைசியில் குனிவது கஷ்டம், வெயில், முடியவில்லை என்று நிழலுக்குப் போகிறார். அந்த மூன்றும் அன்று நிஜமாகப் பயிரான வகைகள், இன்று நாம் சாப்பிடும் பெரிய பழம் பரவலாவதற்கு முந்தையவை. ஆனால் அதே அத்தியாயத்தில், கோடையின் நடுவில், பண்ணைப் பழத்தோட்டம் பூத்து நிற்கிறது. இங்கிலாந்தில் ஆப்பிள் பூப்பது வசந்தத்தில். ஜூலையில் பூக்கும் அந்த ஆப்பிள் மரங்களை எங்கே வாங்கினாய் என்று அண்ணன் எட்வர்ட் கேட்டதாகக் குடும்பச் செய்தி உண்டு. அந்த வருஷங்களில் வசந்தம் குளிராக இருந்தது, பூ தள்ளிப்போயிருக்கலாம் என்று சிலர் காப்பாற்றப் பார்க்கிறார்கள். என் கணிப்பில் குளிர் ஆப்பிளைத் தள்ளிப்போட்டால் ஸ்ட்ராபெரியையும் தள்ளிப்போடும், இரண்டும் ஒரே நாளில் வராது. இது கைதவறல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கடைசி நாவல் 'பெர்சுவேஷன்' மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் நவம்பர் மாத நடை ஒன்று வருகிறது. ஆன் எலியட்டுக்கு 27 வயது, இளமை முடிந்துவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன் மற்றவர்கள் பேச்சைக் கேட்டு அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட காதலன், சற்று முன்னால் வேறொரு பெண்ணோடு பேசிக்கொண்டு நடக்கிறான். பழுத்த இலைகளையும் வாடிய வேலிகளையும் பார்த்தபடி, இலையுதிர்காலம் பற்றிய கவிதைகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறாள், ஒரு கட்டத்தில் கவிதையும் நினைவுக்கு வர மறுக்கிறது. அப்போது பாதை உழுகிற வயல்களின் நடுவே போகிறது. ஏர் ஓடிக்கொண்டிருக்கிறது, மண் புதிதாகப் புரண்டிருக்கிறது. விவசாயி கவிஞர்களின் சோகத்தைப் பொருட்படுத்தாமல், மறுபடி வசந்தத்தைக் கொண்டுவர முடிவு செய்திருக்கிறான் என்று ஆஸ்டின் எழுதுகிறார்.

நீங்கள் படித்த இரண்டு நாவல்கள் எவை என்று எழுதவில்லை. 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' அவற்றில் இல்லையென்றால், அதன் 6-ஆம் அத்தியாயத்தை மட்டும் முதலில் படியுங்கள், அப்புறம் 9, 10. ஏற்கெனவே படித்த புத்தகத்தைத் திரும்ப எடுப்பதாக இருந்தால், ஒரு மரத்தின் பெயரோ பழத்தின் பெயரோ வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்த வரியைப் பேசுவது யார், அந்த மரம் யாருடையது என்று மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்.